எந்தப் பொருள்? யார் தரும் விசை? – இயற்பியல் கேள்வி பதில்

இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை மேல்நிலை வகுப்பு மாணவர்களும் இளநிலை இயற்பியல் முதலாண்டு மாணவர்களும் எழுதியவை. ஏறத்தாழ அனைத்தும் விசையைச் சுற்றியே அமைந்துள்ளன. கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் பல இடங்களில் குழப்பத்தின் வேர் ஒன்றுதான்: எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்வதற்கு முன்பே விசைகளைக் கூட்டவும் கழிக்கவும் தொடங்கிவிடுகிறோம். சூத்திரங்களை அனைவரும் அறிந்திருப்பதால் அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை; அவற்றை எந்தப் பொருளுக்குப் பொருத்துவது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/வினாடி² என்று கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: மாடுகள் வண்டியை எவ்வளவு விசையுடன் முன்னோக்கி இழுக்கின்றனவோ, அதே அளவு விசையுடன் வண்டியும் மாடுகளைப் பின்னோக்கி இழுக்கிறது என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. சமமும் எதிருமான இரண்டு விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிட வேண்டுமல்லவா? பிறகு வண்டி எப்படி நகர்கிறது?
(பதினோராம் வகுப்பு மாணவர், உசிலம்பட்டி)

பதில்: நீக்காது. ஒரு விசை இன்னொரு விசையை ஈடுகட்ட வேண்டுமானால் இரண்டும் ஒரே பொருளின் மீது செயல்பட வேண்டும். நீங்கள் குறிப்பிடும் இரண்டில் ஒன்று வண்டியின் மீது செயல்படுகிறது. மற்றொன்று மாடுகளின் மீது செயல்படுகிறது. என் கணக்கில் வரும் வரவும் உங்கள் கணக்கில் வரும் செலவும் சமமாக இருப்பதால் இருவர் கையிலும் பணமில்லை என்று யாரும் சொல்வதில்லையே.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். வண்டியின் நிறை 400 கிலோகிராம், இரண்டு மாடுகளின் நிறை சேர்த்து 600 கிலோகிராம் என்று கொள்வோம். வண்டி 0.5 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் கிளம்புகிறது. சக்கரங்களில் மொத்தமாக 100 நியூட்டன் தடை இருக்கிறது. முதலில் வண்டியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அதை முடுக்குவதற்கு 400 × 0.5 = 200 நியூட்டன் நிகர விசை தேவை; தடைக்கு 100 நியூட்டன் போகிறது; ஆகவே நுகத்தடி வழியாக வண்டியின் மீது வரும் இழுப்பு 300 நியூட்டன். அடுத்து மாடுகளைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் விதிப்படி நுகத்தடி அவற்றை அதே 300 நியூட்டன் விசையால் பின்னோக்கி இழுக்கிறது. ஆயினும் அவையும் 0.5 மீட்டர்/வினாடி² முடுக்கம் பெறுவதால் அவற்றின் மீதான நிகர விசை முன்னோக்கி 300 நியூட்டனாக இருந்தாக வேண்டும். அப்படியானால் 600 நியூட்டன் முன்னோக்கிய விசையை அவற்றுக்குக் கொடுப்பது யார்? தரைதான் கொடுக்கிறது. மாடுகள் குளம்புகளால் தரையைப் பின்னோக்கி உதைக்கின்றன. தரை உராய்வின் மூலம் அவற்றை முன்னோக்கித் தள்ளுகிறது.

இனி வண்டியையும் மாடுகளையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பாருங்கள். நுகத்தடியில் உள்ள 300 நியூட்டன் இணை இப்போது அமைப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; வெளியிலிருந்து வருபவை தரை தரும் 600 நியூட்டனும் தடையான 100 நியூட்டனும் மட்டுமே. எஞ்சிய 500 நியூட்டனை 1000 கிலோகிராமால் வகுத்தால் அதே 0.5 கிடைக்கிறது.

சிலர் இக்கேள்விக்கு, “கிளம்பும் நேரத்தில் மாடுகள் இழுப்பது சற்று அதிகம், வண்டி இழுப்பது சற்றுக் குறைவு” என்று சமாதானம் சொல்வதுண்டு. அது பிழை. நின்றாலும், கிளம்பினாலும், ஓடினாலும் அந்த இரண்டும் எக்கணமும் சமமே. வழுக்கும் சேற்றில் மாடுகள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வண்டி நகராததற்குக் காரணம் மூன்றாம் விதி அன்று. தரை கொடுக்க வேண்டிய 600 நியூட்டனைச் சேற்றால் கொடுக்க முடிவதில்லை.

கேள்வி: மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடை கீழ்நோக்கியும், மேசை தரும் செங்குத்து விசை மேல்நோக்கியும் சமமாக இருக்கின்றன. இதுதானே செயலும் எதிர்ச்செயலும்?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கரூர்)

பதில்: இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன என்பதே அவை மூன்றாம் விதி இணை அல்ல என்பதற்குப் போதுமான சான்று. எடை என்பது புவி புத்தகத்தை ஈர்க்கும் விசை. ஆகவே அதன் இணை புத்தகம் புவியை ஈர்க்கும் விசை. செங்குத்து விசை மேசை புத்தகத்தின் மீது செலுத்துவது; அதன் இணை புத்தகம் மேசையை அழுத்தும் விசை. இணையின் இரு உறுப்புகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்கும்: ஈர்ப்புக்கு இணை ஈர்ப்பு, தொடுவிசைக்கு இணை தொடுவிசை.

ஐயம் நீங்கவில்லை என்றால் மேசையையும் புத்தகத்தையும் ஒரு மின்தூக்கியில் ஏற்றிவிடுங்கள். மின்தூக்கி 2 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் மேலே கிளம்பும்போது 1 கிலோகிராம் புத்தகத்தின் எடை 9.8 நியூட்டனாகவே இருக்கும். செங்குத்து விசை 11.8 நியூட்டனாக உயரும். உண்மையான எதிர்ச்செயல் இணை இப்படி ஒருபோதும் வேறுபடாது. புத்தகம் மேசையை அழுத்தும் விசையும் அதே 11.8 நியூட்டனாகத்தான் இருக்கும். செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் செய்தவர்கள் சாய்தளக் கணக்கிலும் மின்தூக்கிக் கணக்கிலும் இடறுவது இதனால்தான்.

கேள்வி: கயிறிழுக்கும் போட்டியில் இரு அணியும் தலா 500 நியூட்டன் விசையுடன் இழுத்தால் கயிற்றின் இழுவிசை 1000 நியூட்டனா, சுழியா?
(கல்லூரி முதலாண்டு மாணவர், நாகர்கோவில்)

பதில்: இரண்டும் இல்லை; 500 நியூட்டன். ஓர் அணியை அகற்றிவிட்டுக் கயிற்றின் அந்த முனையை மரத்தில் கட்டினாலும் எஞ்சிய அணி 500 நியூட்டன் இழுக்கும்போது இழுவிசை 500 நியூட்டன்தான். அப்போது மரம் 500 நியூட்டன் இழுக்கிறது. 1650-களில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகர மேயராக இருந்த ஆட்டோ ஃபான் கெரிக்கே, காற்று நீக்கப்பட்ட இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தும் அவை எளிதில் பிரியாததைக் காட்டினார். வளிமண்டல அழுத்தத்தை உலகுக்கு உணர்த்திய அந்தச் சோதனையில் ஒரு பக்கத்துக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அந்த அரைக்கோளத்தை வலுவான சுவரில் பிணைத்திருந்தாலும் அதே இழுப்பு கிடைத்திருக்கும். பார்வையாளர்களின் வியப்பு பாதியாகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

கயிற்றின் நிறையைப் புறக்கணித்தால் இரு அணிகளின் மீதும் கயிறு செலுத்தும் விசை சமம். அப்படியிருக்க வெற்றி யாருக்கு என்றால், தரையிலிருந்து அதிக உராய்வைப் பெறும் அணிக்கு. எடை மிகுந்தவர்களை அணியில் சேர்ப்பதும், குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நிற்பதும் அதற்காகவே.

கேள்வி: விண்வெளியில் காற்றே இல்லை. ராக்கெட் எதை உதைத்து முன்னே செல்கிறது?
(பத்தாம் வகுப்பு மாணவி, திருச்செந்தூர்)

பதில்: தான் வெளியேற்றும் வாயுவையே உதைக்கிறது. எரியறைக்குள் உயர் அழுத்த வாயு எல்லாச் சுவர்களையும் தள்ளுகிறது. பின்புறம் கூம்புக்குழல் திறந்திருப்பதால் அங்கே தள்ளப்படுவதற்குச் சுவர் இல்லை. முன்சுவரின் மீதான தள்ளலுக்கு ஈடு இல்லாமல் போகிறது. ஒவ்வொரு வினாடியும் 250 கிலோகிராம் வாயு 3000 மீட்டர்/வினாடி வேகத்தில் வெளியேறினால், வாயு ஒவ்வொரு வினாடியும் 7,50,000 அலகு உந்தத்தை (நிறை × திசைவேகம்) பெறுகிறது. ராக்கெட்டின் மீதான உந்துவிசை 7,50,000 நியூட்டன். இந்தக் கணக்கில் வெளிக்காற்றுக்கு எந்த வேலையும் இல்லை. சொல்லப்போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஓர் இடையூறு. அதே எஞ்சின் வெற்றிடத்தில் கூடுதல் உந்துவிசை தருகிறது.

இந்த ஐயத்துக்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கோடார்ட் வெற்றிட அறைக்குள் ராக்கெட்டை இயக்கிப் பார்த்து முடிவுகளை வெளியிட்டிருந்தும், 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் தலையங்கப் பக்கத்தில், செயலுக்கும் எதிர்ச்செயலுக்கும் உள்ள உறவே அவருக்குத் தெரியவில்லை என்ற பொருளில் ஏளனம் செய்தது. அந்த நாளிதழ் தன் பிழையைத் திருத்திக்கொண்டது 1969 ஜூலை 17 அன்று, அப்பல்லோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள்.

கேள்வி: உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் செயல்படும் என்று படித்தோம். ஆனால் உராய்வுதான் சைக்கிளை முன்னே தள்ளுகிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி?
(பதினோராம் வகுப்பு மாணவர், ஈரோடு)

பதில்: பாடநூல் வாக்கியத்தைச் சற்றுத் திருத்திக்கொண்டால் முரண்பாடு மறைந்துவிடும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையே ஏற்படும் வழுக்கலை, அல்லது ஏற்படவிருக்கும் வழுக்கலை, உராய்வு எதிர்க்கிறது. பொருள் முழுவதுமாக எத்திசையில் போகிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

சைக்கிளின் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். பெடலை மிதித்ததும் சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. டயரின் அடிப்பகுதி சாலையைப் பின்னோக்கி வழுக்கித் தள்ள முயல்கிறது. அந்த வழுக்கலைத் தடுக்கும் உராய்வு டயரின் மீது முன்னோக்கிச் செயல்படுகிறது. சைக்கிளை முடுக்குவது இதுவே. முன்சக்கரத்துக்குச் சங்கிலி இணைப்பு இல்லை. சட்டகம் அதன் அச்சை முன்னே தள்ளுவதால் அதன் அடிப்பகுதி முன்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. ஆகவே அதன் மீதான உராய்வு பின்னோக்கியது. அந்தச் சிறிய விசைதான் முன்சக்கரத்தைச் சுழலவும் வைக்கிறது. இப்படி ஒரே சைக்கிளில், ஒரே கணத்தில், இரண்டு சக்கரங்களிலும் உராய்வு எதிரெதிர்த் திசைகளில் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் இரண்டுமே பின்னோக்கித் திரும்பிவிடுகின்றன.

இதே கடிதத்தில், நகராத பீரோவின் மீது உராய்வு எவ்வளவு என்றும் கேட்டுள்ளீர்கள். ஓய்வுநிலை உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது உராய்வின் உச்ச வரம்பு மட்டுமே. 100 கிலோகிராம் பீரோவுக்குக் குணகம் 0.5 என்றால் வரம்பு 490 நியூட்டன். நீங்கள் 200 நியூட்டன் விசையுடன் தள்ளினால் உராய்வும் 200 நியூட்டன்தான்; தள்ளாவிட்டால் சுழி. தேர்வில் வரம்பை எழுதிவிட்டு வருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

கேள்வி: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது முடுக்கமும் சுழிதானே?
(பத்தாம் வகுப்பு மாணவர், ஆரணி)

பதில்: திசைவேகம் சுழி, முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீட்டர்/வினாடி². முடுக்கமும் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பந்து ஏறும்போது புவியீர்ப்பு முடுக்கத்துக்கு எதிர்க்குறி, இறங்கும்போது நேர்க்குறி என்று போட்டால் சில கணக்குகள் தவறாகின்றன. ஏன்?
(பதினோராம் வகுப்பு மாணவி, சிவகாசி)

பதில்: நடுவழியில் குறியை மாற்றுவதால். முடுக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்நோக்கியதே. எத்திசைக்கு நேர்க்குறி என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டால் கணக்கு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து 15 மீட்டர்/வினாடி வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து, புவியீர்ப்பு முடுக்கம் 10 எனில், எப்போது தரையை அடையும்? மேல்நோக்கிய திசைக்கு நேர்க்குறி கொடுத்தால் இடப்பெயர்ச்சி −20, தொடக்கத் திசைவேகம் +15, முடுக்கம் −10. ஒரே சமன்பாட்டில் விடை 4 வினாடி. ஏறுவதைத் தனியாகவும் இறங்குவதைத் தனியாகவும் பிரிக்கத் தேவையே இல்லை.

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறோம். மையவிலக்கு விசை என்பது இல்லவே இல்லை என்கிறார் எங்கள் ஆசிரியர். அப்படியானால் எங்களைத் தள்ளுவது எது?
(பதினோராம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி)

பதில்: அந்தப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் இப்பாடத்துக்கு நல்ல ஆய்வுக்கூடம். சாலையோரத்தில் நிற்பவரின் பார்வையில் தொடங்குவோம். பேருந்து இடப்புறம் திரும்பும்போது உங்கள் உடல் நிலைமத்தால் நேர்கோட்டில் செல்லவே முயல்கிறது. உங்களை யாரும் வலப்புறம் தள்ளவில்லை. பேருந்துதான் இடப்புறம் விலகுகிறது, அதன் வலப்புறச் சுவர் உங்களை நோக்கி வருகிறது. சுவர் தோளில் பட்டு, உங்களை இடப்புறமாக, அதாவது வளைவின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. வளைவில் நீங்கள் பேருந்தோடு சேர்ந்து திரும்பக் காரணம் அந்தத் தள்ளலும் இருக்கையின் உராய்வும்தான்.

பேருந்துக்குள் அமர்ந்தவரின் பார்வையிலும் கணக்கிடலாம், தடையில்லை. ஆனால் திரும்பும் பேருந்து நிலைமக் குறிப்பாயம் (முடுக்கம் இல்லாத, நியூட்டன் விதிகள் அப்படியே பொருந்தும் பார்வை நிலை) அன்று. அதில் இருந்துகொண்டு நியூட்டனின் இரண்டாம் விதியைப் பயன்படுத்த வேண்டுமானால் வெளிநோக்கிய ஒரு போலி விசையைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அதுவே மையவிலக்கு விசை. அதைச் செலுத்தும் பொருள் எதுவும் இல்லை, அதற்கு மூன்றாம் விதி இணையும் இல்லை. ஆகவே உங்கள் ஆசிரியர் சொல்வது சாலையோரப் பார்வைக்கு முற்றிலும் சரி. “இல்லவே இல்லை” என்பதை மட்டும் “நிலைமக் குறிப்பாயத்தில் இல்லை” என்று திருத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. சாலையோரப் பார்வையில் மையநோக்கு முடுக்கத்தையும் எழுதிவிட்டு, பேருந்துப் பார்வையின் மையவிலக்கு விசையையும் அதே படத்தில் வரைவதுதான் உண்மையான தவறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மையநோக்கு விசை என்று தனியாக ஓர் அம்புக்குறியை விசைப்படத்தில் வரையாதீர்கள். உராய்வு, இழுவிசை, ஈர்ப்பு, செங்குத்து விசை ஆகிய உண்மையான விசைகளின் மையம் நோக்கிய தொகுபயனுக்குத்தான் அந்தப் பெயர். சமதளமான வளைவில் பேருந்துக்கு அதைத் தருவது டயர்களின் பக்கவாட்டு உராய்வு. வளைவின் ஆரம் 15 மீட்டர், குணகம் 0.6 என்று கொண்டால், உராய்வுக் குணகம் × ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம் என்பதன் வர்க்கமூலமான சுமார் 9.4 மீட்டர்/வினாடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர், வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம். மழையில் குணகம் 0.3 ஆகக் குறைந்தால் அது மணிக்கு 24 கிலோமீட்டராகிவிடும். குணகம் பாதியானதற்கு வேகம் பாதியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறை இருபுறமும் நீங்கிவிடுவதால் இந்த வரம்பு காலிப் பேருந்துக்கும் நிறைந்த பேருந்துக்கும் ஒன்றே. ஆனால் கூரை மேல் சுமை ஏற்றினால் நிறை மையம் உயர்கிறது. அப்போது வழுக்குவதற்கு முன்பே கவிழும் ஆபத்து வருகிறது. அது திருப்புவிசைக் (விசையின் சுழற்றும் விளைவு) கணக்கு. இந்தச் சூத்திரம் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கேள்வி: விசை சுழியானால் முடுக்கம் சுழி என்று இரண்டாம் விதியே சொல்லிவிடுகிறதே. முதல் விதி எதற்கு?
(இளநிலை இயற்பியல் மாணவர், தஞ்சாவூர்)

பதில்: மேலே பேருந்தைப் பற்றிச் சொன்னதில் இதற்கான விடை பாதி இருக்கிறது. பிரேக் பிடிக்கும் பேருந்தின் தரையில் கிடக்கும் பந்து, யாரும் தள்ளாமலே முன்னோக்கி உருள்கிறது. பேருந்துக்குள் இருப்பவருக்கு இரண்டாம் விதி பொய்த்ததாகவே தோன்றும். எந்தக் குறிப்பாயத்தில் நின்று இரண்டாம் விதியை எழுதலாம் என்பதை, விசை இல்லாத பொருள் ஓய்விலோ சீரான நேர்கோட்டு இயக்கத்திலோ தொடரும் என்னும் முதல் விதிதான் தீர்மானித்துத் தருகிறது. கணக்கில் அது சிறப்பு நிலை போலத் தெரிந்தாலும் தர்க்கத்தில் அதற்கு முதலிடம்தான்.

கேள்வி: பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால்தான் வீரர்கள் மிதக்கிறார்களா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்)

பதில்: ஈர்ப்பு அங்கே நன்றாகவே இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7 மீட்டர்/வினாடி², தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் அதனுள் இருப்பவர்களும் ஒரே முடுக்கத்துடன் சேர்ந்து விழுந்துகொண்டிருப்பதால், வீரரின் பாதத்தைத் தளம் தாங்கவில்லை. செங்குத்து விசை சுழி. எடையை நாம் உடலில் உணர்வது செங்குத்து விசையின் வழியாகத்தான் என்பதால் எடையின்மை உணர்வு ஏற்படுகிறது.

விழுந்தால் ஏன் தரைக்கு வரவில்லை? நிலையம் ஒரு வினாடியில் சுமார் 4.3 மீட்டர் விழுகிறது. அதே வினாடியில் ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் முன்னேறுகிறது. அத்தனை தொலைவு போவதற்குள் உருண்டையான புவியின் பரப்பும் அதே அளவு கீழே வளைந்துவிடுகிறது. இப்படி விழுந்துகொண்டே சுமார் 92 நிமிடத்தில் புவியை ஒருமுறை சுற்றிவிடுகிறது.

கேள்வி: 50 கிலோ மூட்டையைத் தலையில் சுமந்து 100 மீட்டர் நடக்கும் தொழிலாளி வேலையே செய்யவில்லை என்று இயற்பியல் சொல்வது நியாயமா?
(வாசகர், மதுரை)

பதில்: இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை, அரைகுறையாகச் சொல்லப்பட்டதால் வந்த மனத்தாங்கல் இது. மூட்டையைத் தனியே எடுத்துக்கொண்டால், அதைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, அதன் இடப்பெயர்ச்சி கிடைத்தளத்தில் அமைந்தது. ஆகவே சீரான நடையில் அந்த விசை மூட்டையின் மீது செய்த வேலை சுழி. தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியபோது மூட்டையின் மீது 784 ஜூல் வேலை நடந்தது. அது மூட்டையின் நிலை ஆற்றலாகச் சேர்ந்துவிட்டது.

தொழிலாளியின் உடலைத் தனியே எடுத்துக்கொண்டால் கதையே வேறு. இறுகிய தசைக்குள் மயோசின் மூலக்கூறுகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பற்றலுக்கும் வேதி ஆற்றல் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. போதாததற்கு ஒவ்வோர் அடியிலும் உடலும் சுமையும் சற்று ஏறி இறங்குகின்றன. அதே மூட்டையை அலமாரி ஆண்டுக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் தாங்கும். தசையின் அமைப்பு அப்படியில்லை. எனவே வியர்வையும் கூலியும் நியாயமானவையே.

கேள்வி: 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் ஒன்றரைக் கிலோ தேங்காய் தரையை எவ்வளவு விசையுடன் தாக்கும்? எடை 14.7 நியூட்டன் என்பதுதான் விடையா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பட்டுக்கோட்டை)

பதில்: கேள்வியில் ஒரு தகவல் குறைகிறது. உயரமும் நிறையும் தெரிந்தால் வேகத்தைச் சொல்லலாம்: காற்றுத் தடையைப் புறக்கணித்தால் சுமார் 2 வினாடி விழுந்து 19.8 மீட்டர்/வினாடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். ஆற்றலையும் சொல்லலாம்: 294 ஜூல். ஆனால் விசையைச் சொல்ல, தேங்காய் எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்தப்படுகிறது என்பது தெரிய வேண்டும். தேங்காய் விசையைச் சுமந்துகொண்டு வருவதில்லை. விசை மோதலின்போது பிறக்கிறது. அதன் அளவைத் தேங்காயும் தரையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இளகிய மணலில் 20 சென்டிமீட்டர் புதைந்து நின்றால் சராசரி நிகர விசை 294 ÷ 0.2 = 1470 நியூட்டன். இறுகிய தரையில், மட்டையின் நசுங்கலையும் சேர்த்து 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் 14,700 நியூட்டன். விழுந்த தொலைவு நின்ற தொலைவைப் போல எத்தனை மடங்கோ, சராசரி நிகர விசை எடையைப் போல அத்தனை மடங்கு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்: முதலாவதில் 100 மடங்கு, இரண்டாவதில் 1000 மடங்கு. தரை கொடுக்கும் விசை இதைவிட எடையின் அளவுக்கு, அதாவது 14.7 நியூட்டன், கூடுதல்; அதைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது. இங்கே சொன்னவை சராசரிகள்; மோதலின் உச்ச விசை இவற்றை விட அதிகமாகவே இருக்கும். தலைக்கவசத்தின் உட்புற நுரைப்பஞ்சு நசுங்கும்படி அமைக்கப்படுவதும், கார்களின் முன்பகுதி மடங்கும்படி வடிவமைக்கப்படுவதும் நிற்கும் தொலைவைக் கூட்டுவதற்காகவே.

கேள்வி: உந்தம், இயக்க ஆற்றல் இரண்டுமே நிறையையும் வேகத்தையும் கொண்டவை. ஒன்று போதாதா? எதற்காக இரண்டு?
(இளநிலை இயற்பியல் மாணவி, கும்பகோணம்)

பதில்: இந்தக் கேள்வியில் ஐரோப்பிய அறிஞர்களே பல பத்தாண்டுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். இயக்கத்தின் உண்மையான அளவு நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்றது பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த்தேயின் கட்சி. நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவது என்று 1686-இல் எதிர்வாதம் வைத்தார் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். 1720-களில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கிராவெசாண்டே, பித்தளைக் கோளங்களை மென்களிமண்ணில் விழச் செய்து பள்ளங்களை அளந்தார். ஒரே கோளம் இருமடங்கு வேகத்தில் மோதினால் பள்ளம் இருமடங்கு அன்று, நான்கு மடங்கு. பிரான்சின் எமிலி தூ ஷாத்தலே 1740-இல் வெளியிட்ட தமது இயற்பியல் நூலில் இச்சோதனைகளை லைப்னிட்ஸுக்கு ஆதரவாக எடுத்துக்காட்டினார்.

இன்று பார்த்தால் இரு கட்சிகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது தெரிகிறது. ஒரு விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்பது உந்த மாற்றத்தைத் தருகிறது. எவ்வளவு தொலைவுக்குச் செயல்பட்டது என்பது இயக்க ஆற்றல் மாற்றத்தைத் தருகிறது.

இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும் இடம் துப்பாக்கி. 10 கிராம் குண்டு 800 மீட்டர்/வினாடி வேகத்தில் வெளியேறுகிறது. துப்பாக்கியின் நிறை 4 கிலோகிராம். வெடிவாயுவின் உந்தத்தைப் புறக்கணித்தால், குண்டின் உந்தமும் துப்பாக்கியின் பின்னடைவு உந்தமும் அளவில் சமம்: இரண்டும் 8 கிலோகிராம் மீட்டர்/வினாடி. துப்பாக்கி 2 மீட்டர்/வினாடி வேகத்தில் பின்னே வருகிறது. ஆனால் குண்டின் இயக்க ஆற்றல் 3200 ஜூல், துப்பாக்கியினுடையது வெறும் 8 ஜூல். இரண்டின் மீதும் சம விசை சம நேரம் செயல்பட்டதால் உந்தங்கள் சமமாயின. அந்த நேரத்துக்குள் குண்டு, துப்பாக்கி நகர்ந்த தொலைவைப் போல 400 மடங்கு நகர்ந்துவிட்டதால் ஆற்றல் 400 மடங்காயிற்று. சுடும்போது துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளோடு இறுக அழுத்திப் பிடிக்கச் சொல்வதும் இதே கணக்குதான். 64 கிலோகிராம் உடலும் துப்பாக்கியும் ஒரே பொருள் போலப் பின்னடைந்தால் வேகம் வினாடிக்கு 12 சென்டிமீட்டராகவும், ஆற்றல் அரை ஜூலுக்கும் குறைவாகவும் இறங்கிவிடுகிறது.